இல்லாத கோளும் எழுந்து நின்ற அரங்கும்

1992ஆம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் அமெரிக்க வானியல் சங்கத்தின் மாநாடு நடந்துகொண்டிருந்தது. பேச அழைக்கப்பட்டிருந்தவர்களில் ஒருவர் ஆண்ட்ரூ லைன். பிரிட்டனின் ஜொட்ரல் பேங்க் வானாய்வகத்தைச் சேர்ந்தவர். அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்புதான் அவருடைய பெயர் உலகச் செய்தித்தாள்களில் வந்திருந்தது. சூரியக் குடும்பத்துக்கு வெளியே, வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளைக் கண்டுபிடித்தவர் என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். அந்தக் கதையை அவர் வாயாலேயே கேட்கத்தான் அரங்கு நிறைந்திருந்தது.

மேடை ஏறிய லைன், அப்படி ஒரு கோள் இல்லை என்றார். தாங்கள் கண்டது கோள் அன்று, தங்கள் கணக்கில் இருந்த பிழை என்றார். பிழை எங்கே, எப்படி நுழைந்தது என்பதையும் விளக்கினார். மன்னிப்புக் கேட்டார்.

பேச்சு முடிந்தது. அரங்கில் இருந்த வானியலாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சங்கத்தின் அப்போதைய தலைவர் ஜான் பாக்கால், தாம் பார்த்தவற்றிலேயே மிகவும் கண்ணியமான செயல் இது என்ற பொருளில் பாராட்டினார்.

மாணவர்களே, தவறு செய்த ஒருவருக்கு ஏன் இத்தனை மரியாதை என்று உங்களுக்குத் தோன்றலாம். "தவறை ஒப்புக்கொண்டார், அதனால்" என்பது பாதி விடைதான். மீதி விடை தெரிய வேண்டும் என்றால், அந்தப் பிழை எவ்வளவு சிறியது, எவ்வளவு தந்திரமானது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வானத்தில் ஒரு கடிகாரம்

சில பெரிய விண்மீன்கள் தம் வாழ்நாள் முடிவில் வெடித்துச் சிதறுகின்றன. எஞ்சும் மையப்பகுதி நசுங்கி நியூட்ரான் விண்மீன் ஆகிறது. சூரியனைவிட அதிக நிறை, ஏறக்குறைய 20 கிலோமீட்டர் குறுக்களவே உள்ள உருண்டைக்குள் அடங்கிவிடும். கோலாலம்பூர் மாநகரின் அகலம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த உருண்டை வேகமாகச் சுழலும். சுழலும்போது கலங்கரை விளக்கம் போல வானொலி அலைகளை ஒரு கற்றையாக வீசும். கற்றை பூமியைத் தொடும் ஒவ்வொரு முறையும் நமக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். இத்தகைய விண்மீனுக்குப் பல்சர் என்று பெயர். 1967-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல் முதல் பல்சரைக் கண்டார்.

பல்சரின் துடிப்பு மிகச் சீரானது. அந்தச் சீர் சற்றே குலைந்தாலும் ஏதோ நடக்கிறது என்று பொருள். பல்சரை ஒரு கோள் சுற்றுகிறது என்றால், கோள் மட்டும் நகராது. பல்சரும் இரண்டுக்கும் பொதுவான நிறை மையத்தைச் சுற்றி லேசாக ஆடும். நம்மை நோக்கி ஆடும்போது துடிப்பு சற்று முந்தி வரும். விலகி ஆடும்போது பிந்தி வரும்.

பிஎஸ்ஆர் 1829-10 என்ற பல்சரில் லைன் குழுவினர் கண்டது இதைத்தான். 0.33 வினாடிக்கு ஒரு முறை துடிக்கும் அந்தப் பல்சரின் துடிப்புகள் ஆறு மாதச் சுழற்சியில் முந்தியும் பிந்தியும் வந்தன. வேறுபாடு ஏறத்தாழ 8 மில்லிவினாடி, அதாவது ஒரு வினாடியை ஆயிரமாகப் பிரித்தால் எட்டுப் பங்கு. இதை விளக்க, பூமியைப் போல 10 மடங்கு நிறையுள்ள ஒரு கோள் போதும். 1991 ஜூலையில் லைன், மேத்யூ பெய்ல்ஸ், சேத்னம் ஷெமார் ஆகிய மூவரும் 'நேச்சர்' ஆய்விதழில் இதை வெளியிட்டார்கள்.

பரபரப்புக்குக் காரணம் இருந்தது. அந்த நாளில் வேறெந்த விண்மீனைச் சுற்றியும் ஒரு கோள் இருப்பது உறுதியாகியிருக்கவில்லை. அதிலும், வெடித்துச் சிதறிய விண்மீனைச் சுற்றிக் கோள் எப்படித் தப்பிப் பிழைக்கும்? கோட்பாட்டாளர்கள் உடனே வேலையில் இறங்கினார்கள். அந்தக் கோள் எப்படி உருவாகியிருக்கலாம் என்று அடுத்தடுத்து ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. இல்லாத ஒன்றுக்குப் பல விளக்கங்கள் தயாராகிவிட்டன.

உறுமி மேளமும் ஒரு திடலும்

இப்போது பிழைக்கு வருவோம். தைப்பூசத்தில் நீங்கள் கேட்ட உறுமி மேளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் ஒருவர் வினாடிக்கு ஓர் அடி என்று தவறாமல் அடிக்கிறார். நீங்கள் பள்ளித் திடலில் 34 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டத்தில் நடக்கிறீர்கள். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். ஆக, வட்டத்தின் அந்தப் பக்கம் இருக்கும்போது கேட்கும் அடி, இந்தப் பக்கத்தைவிட 0.1 வினாடி பிந்தி வரும். அடிப்பவர் தடுமாறவில்லை, நீங்கள்தான் நகர்கிறீர்கள்.

உங்கள் நடையால் வந்த வேறுபாட்டைக் கழித்துவிட்டால் உண்மையான தாளம் கிடைக்கும். ஆனால் கழிப்பதற்கு மேளக்காரர் எந்தத் திசையில் இருக்கிறார் என்று சரியாகத் தெரிய வேண்டும். அவர் கோயில் வாசலில் இருக்க, நீங்கள் தேர் அருகில் இருப்பதாக நினைத்துக் கழித்தால் கணக்கில் மிச்சம் விழும். அந்த மிச்சம் நீங்கள் ஒரு சுற்று நடக்கும்போதெல்லாம் ஒரு முறை ஏறி இறங்கும்.

பூமியும் இப்படித்தான் சூரியனைச் சுற்றி நடக்கிறது. சூரியனுக்கும் நமக்கும் இடையே 15 கோடி கிலோமீட்டர். ஒளியும் வானொலி அலையும் அதைக் கடக்க ஏறக்குறைய 500 வினாடி ஆகும். எனவே பல்சர் ஆய்வாளர்கள் ஒவ்வொரு துடிப்பின் நேரத்தையும் "சூரியக் குடும்பத்தின் நிறை மையத்தில் இருந்து கேட்டிருந்தால் எப்போது வந்திருக்கும்" என்று மாற்றிக்கொள்வார்கள். பிறகுதான் ஆய்வே தொடங்கும். 500 வினாடி அளவுள்ள திருத்தத்தைச் செய்துவிட்டு, அதற்குள் 8 மில்லிவினாடியைத் தேடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பிஎஸ்ஆர் 1829-10 இருக்கும் திசையை அவர்கள் தொடக்கத்தில் சற்றே பிழையாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாகையின் சிறு பின்னம்தான். அதனால் வந்த ஓராண்டுச் சுழற்சியைக் கண்டுகொண்டு திருத்தியும் விட்டார்கள். ஓராண்டு என்றால் பூமியின் வேலை என்று எந்த வானியலாளருக்கும் தெரியும். சிக்கல் அந்தத் திருத்தத்துக்கு உள்ளேயே இருந்தது. அதில் பூமியின் பாதை ஒரு வட்டம் என்று எளிமையாக வைத்துக்கொள்ளப்பட்டிருந்தது.

படிவம் 4 இயற்பியலில் கெப்ளர் விதிகளைப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் பொறி தட்ட வேண்டும். பூமியின் பாதை நீள்வட்டம். ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறோம், ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி. தாளில் வரைந்தால் வட்டத்துக்கும் அதற்கும் வேறுபாடே தெரியாது. ஆனால் 8 மில்லிவினாடியைத் தேடுகிறவருக்கு அது பெரிய வேறுபாடு. நீள்வட்டத்தை விட்டுவிட்டதால் எஞ்சிய மிச்சம் ஆண்டுக்கு இரண்டு முறை ஏறி இறங்கியது. (ஏன் இரண்டு முறை என்பதற்கான கணிதம் பல்கலைக்கழகத்தில் வரும். ஆர்வம் உள்ளவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, உங்கள் கூடுதல் கணித ஆசிரியரைப் பிடியுங்கள்.)

ஆண்டுக்கு இரண்டு முறை என்றால் ஆறு மாதம். அதுதான் அந்தக் "கோள்".

ஆறு மாதம், சரியாகப் பூமியின் அரை ஆண்டு என்ற எண்ணே சந்தேகத்தைக் கிளப்பக்கூடியது. பலரும் புருவத்தை உயர்த்தத்தான் செய்தார்கள். ஆனால் பிழை எங்கே என்று வெளியில் இருந்து யாரும் காட்டவில்லை. மாநாட்டுக்குச் சில நாள்களே இருந்தபோது, புத்தாண்டையொட்டிக் கிடைத்த ஓய்வில், லைனே தம் தரவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார். பல்சரின் சரியான திசையை வைத்து, எளிமையாக்காமல் முழுக் கணக்கையும் மீண்டும் ஓட்டினார். கோள் மறைந்துவிட்டது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் அதே ஜனவரித் தொடக்கத்தில் இது நடந்தது என்பது எனக்குப் பிடித்த ஒரு தற்செயல்.

என்னென்ன செய்திருக்கலாம்

அந்த நாளில் லைன் முன் பல வழிகள் இருந்தன. உடல்நலம் சரியில்லை என்று பயணத்தைத் தவிர்த்திருக்கலாம். வேறு தலைப்பில் பேசியிருக்கலாம். "மேலும் ஆராய்ந்து வருகிறோம்" என்று மழுப்பிவிட்டு, சில ஆண்டுகள் கழித்து யாரும் படிக்காத ஓர் இதழின் மூலையில் ஒரு வரி எழுதியிருக்கலாம். இவை எல்லாம் உலகில் நடப்பவைதான்.

அவர் செய்ததில் மூன்று கூறுகளை நான் முக்கியமாக நினைக்கிறேன். எந்த ஒலிபெருக்கியில் கூற்றைச் சொன்னாரோ அதே ஒலிபெருக்கியில் மீட்டுக்கொண்டார்: அவரும் பெய்ல்ஸும் எழுதிய மறுப்பு அதே 'நேச்சர்' இதழில் 1992 ஜனவரி 16 அன்று வந்தது. அதன் தலைப்பே கோள் இல்லை என்றது. அடுத்து, காலம் தாழ்த்தவில்லை. மூன்றாவதை நாம் எளிதில் மறந்துவிடுவோம். "தவறிவிட்டது" என்பதோடு நிறுத்தாமல், எந்தப் படியில் தவறியது என்று காட்டினார். பிற ஆய்வாளர்கள் தங்கள் கணக்கில் அதே ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள அது உதவியது.

அதன் பயன் அன்றே தெரிந்தது. லைனுக்கு அடுத்து அதே மாநாட்டில் பேச இருந்தவர் அலெக்சாண்டர் வோல்ஷ்சான். அவரும் பல்சரைச் சுற்றும் கோள்களைப் பற்றித்தான் பேச வந்திருந்தார்! அவரும் டேல் ஃபிரெய்லும் எழுதிய கட்டுரை ஜனவரி 9ஆம் தேதிதான் 'நேச்சர்' இதழில் வந்திருந்தது. போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ தொலைநோக்கியால் வோல்ஷ்சான் கண்டுபிடித்த பிஎஸ்ஆர் 1257+12 என்ற பல்சரைச் சுற்றி இரண்டு கோள்கள் இருப்பதாக அவர்கள் அறிவித்திருந்தார்கள். முதல் கோள் இப்போதுதான் அரங்கின் கண்முன் மறைந்திருக்கிறது. அடுத்தவரை நம்பலாமா?

நம்பலாம் என்பதற்கு அவரிடம் ஆதாரம் இருந்தது. பல்சரின் திசையை ஃபிரெய்ல், நியூ மெக்சிகோவில் 27 கிண்ண வடிவ அலைவாங்கிகள் கொண்ட வானொலித் தொலைநோக்கித் தொகுதியால் தனியே, துல்லியமாக அளந்திருந்தார். லைன் குழு சறுக்கிய இடம் இங்கே கெட்டியாக இருந்தது. கோள்கள் சுற்றும் காலம் 66.6 நாள், 98.2 நாள். இரண்டும் ஓராண்டோடும் ஒட்டவில்லை, அரை ஆண்டோடும் ஒட்டவில்லை. 98.2-ஐ 66.6-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒன்றரைக்கு மிக அருகில் வரும். அப்படி அமைந்த கோள்கள் ஒன்றையொன்று ஈர்த்து, பாதையைச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தையும் வோல்ஷ்சான் அளந்து 1994-இல் வெளியிட்டார். அதன்பின் ஐயத்துக்கு இடம் இல்லை. இன்று சூரியக் குடும்பத்துக்கு வெளியே 5,000-க்கும் மேற்பட்ட கோள்கள் உறுதி செய்யப்பட்டுள்ளன. அந்தப் பட்டியல் இந்த இரண்டில் தொடங்குகிறது.

லைனின் பெயர் கெட்டுப்போனதா? 1996-இல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. பின்னர் ஜொட்ரல் பேங்க் வானாய்வகத்தின் இயக்குநராகவும் இருந்தார். ஆனாலும் இதை இனிப்பு தடவிச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. நூற்றுக்கணக்கான சக அறிஞர்கள் முன் அப்படி நிற்பது எவருக்கும் கசப்பான அனுபவம்தான். கைதட்டல் கிடைக்கும் என்று தெரிந்து அவர் மேடை ஏறவில்லை.

எல்லாமே மீட்டுக்கொள்ளல் அன்று

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2006-இல் புளூட்டோவைக் கோள்களின் வரிசையில் இருந்து நீக்கினார்களே, அதுவும் இதுவும் ஒன்றா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஒன்றல்ல. புளூட்டோவைப் பற்றிய அளவீடு எதுவும் தவறாகிவிடவில்லை. 'கோள்' என்ற சொல்லுக்கான வரையறை மாறியது. மீட்டுக்கொள்ளல் என்பது, "நான் ஆதாரம் என்று காட்டியது ஆதாரம் இல்லை" என்று சொல்வது.

அண்மைக் காலத்தில் அப்படிச் சொன்னவர்களில் பிரான்சஸ் அர்னால்ட் குறிப்பிடத்தக்கவர். 2018-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். 2019-இல் அவர் குழு 'சயின்ஸ்' இதழில் நொதிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. பிறகு அந்த முடிவுகளை மறுபடி பெற முயன்றபோது கிடைக்கவில்லை. ஆய்வகக் குறிப்பேட்டைப் புரட்டினால், முக்கியமான சோதனைகளுக்கான பதிவுகளும் மூலத் தரவும் இல்லை. 2020ஆம் ஆண்டு பிறந்த இரண்டாம் நாளே, கட்டுரையை மீட்டுக்கொள்வதாக அவர் டுவிட்டரில் அறிவித்தார். தாம் வேலை மிகுதியால் சரியாகக் கவனிக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பரிசு பெற்றது வேறு ஆய்வுகளுக்காக. அவற்றுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

மீட்டுக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். 1998-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவரும் 12 பேரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆராயப்பட்டவர்கள் 12 குழந்தைகள் மட்டும். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற அச்சத்தை அது கிளப்பியது. (நம் நாட்டிலும் குழந்தைகளுக்குப் போடப்படும் அதே தடுப்பூசிதான்.) பிரிட்டனில் தடுப்பூசி போடும் விகிதம் சரிந்தது. இலட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அப்படி எந்தத் தொடர்பும் காணப்படவில்லை. 2004-இல் அந்த 13 பேரில் 10 பேர் தங்கள் விளக்கத்தை மீட்டுக்கொண்டார்கள். வேக்ஃபீல்டு மீட்டுக்கொள்ளவில்லை. இறுதியில் 2010 பிப்ரவரியில் இதழே கட்டுரையை மீட்டுக்கொண்டது. அதே ஆண்டு பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டில் இருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது.

லைன் எடுத்துக்கொண்டது ஆறு மாதம், இங்கே 12 ஆண்டுகள். அந்த 12 ஆண்டுகளில் கூற்று ஊர் ஊராகப் பரவிவிட்டது. மீட்டுக்கொண்ட செய்தி அதன் பின்னால் நொண்டிக்கொண்டு போனது. இன்றும் உங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் யாராவது அந்தப் பழைய கதையைப் பகிர்ந்துகொண்டுதான் இருப்பார்கள். பல்சருக்குக் கோள் இல்லை என்பதால் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. தடுப்பூசி போடாத குழந்தைக்குத் தட்டம்மை வரும்.

இப்போது மீட்டுக்கொள்ளல்கள் பெருகிவிட்டன. 2023இல் மட்டும் உலகம் முழுவதும் 10,000-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் மீட்டுக்கொள்ளப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி லைனுடையதைப் போன்ற நேர்மையான பிழைகள் அல்ல. காசு வாங்கிக்கொண்டு எழுதித் தரும் போலிக் கட்டுரைத் தொழிற்சாலைகளின் சரக்குகளே மிகுதி. இதனால் ஒரு தீங்கு நேர்ந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 'மீட்டுக்கொள்ளப்பட்டது' என்ற சொல்லைக் கேட்டாலே, ஏமாற்று என்றுதான் மனம் போகிறது. அப்படியானால் நேர்மையாகப் பிழைத்தவர் வாய் திறக்கத் தயங்குவார். ஒரே சொல்லுக்குள் திருடனையும் லைனையும் அடைத்து வைத்திருப்பது சரியில்லை. இதற்கு இரண்டு தனிச் சொற்கள் வேண்டும் என்று ஆய்வுலகில் சிலர் கேட்டு வருவதில் நியாயம் இருக்கிறது.

உங்கள் ஆய்வகக் குறிப்பேடு

பள்ளி ஆய்வகத்தில் தனி ஊசலை வைத்து ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடச் சொன்னால், சில குறிப்பேடுகளில் அழகாக 9.81 என்று இருக்கும். நூலும் குண்டும் நிறுத்துக் கடிகாரமும் வைத்துக்கொண்டு, கையால் அழுத்தி நேரம் எடுக்கும் மாணவருக்கு அவ்வளவு சுத்தமான விடை கிடைப்பது, ஆறு மாதச் சுழற்சி கிடைத்தது போலத்தான். எனக்குச் சந்தேகம் வரும். 9.4 என்று எழுதி, "ஊசல் நேராக ஆடாமல் வட்டமடித்தது, மூன்றாம் அளவீட்டில் அலைவை எண்ணத் தவறினேன்" என்று குறிப்பு எழுதியிருக்கும் நோட்டுப் புத்தகம் கிடைத்தால் மகிழ்ச்சியோடு படிப்பேன்.

அளவீட்டைத் தவறாக எழுதிவிட்டால் லிக்விட் பேப்பர் வேண்டாம். பேனாவால் ஒரே ஒரு கோடு போட்டு அடியுங்கள். பழைய எண்ணும் படிக்கும்படி இருக்கட்டும். பக்கத்தில் சரியான எண்ணையும் தேதியையும் காரணத்தையும் எழுதுங்கள். பெரிய ஆய்வகங்களில் இதுதான் நடைமுறை. ஆய்விதழ்களும் ஏறக்குறைய இதையே செய்கின்றன. மீட்டுக்கொண்ட கட்டுரையைப் பொதுவாக அழித்துவிட மாட்டார்கள். மீட்டுக்கொள்ளப்பட்டது என்ற முத்திரையோடு அது அங்கேயே கிடக்கும். அறிவியல் விழாவுக்கோ படைப்புத் திட்டத்துக்கோ ஓர் ஆய்வுக் கட்டுரையை இணையத்தில் எடுத்தால், முதலில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 'ரிட்ராக்சன் வாட்ச்' என்ற அமைப்பு 2010 முதல் இதையே வேலையாகச் செய்து வருகிறது. மீட்டுக்கொள்ளப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளமும் அவர்களிடம் உண்டு. யார் வேண்டுமானாலும் தேடலாம்.

அட்லாண்டா கதையில் இன்னொருவர் பாக்கி. லைனோடு சேர்ந்து மறுப்பில் கையெழுத்திட்ட மேத்யூ பெய்ல்ஸ், ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிப் பல்சர் ஆய்வைத் தொடர்ந்தார். 2011-இல் அவர் தலைமையிலான குழு, பிஎஸ்ஆர் ஜே1719-1438 என்ற பல்சரை ஒரு துணை சுற்றி வருவதாக 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. வியாழன் கோள் அளவுக்கு நிறை இருந்தும் உருவத்தில் அதைவிடச் சிறியது. ஒரு பழைய விண்மீனின் எஞ்சிய கரு அது. பெரும்பாலும் கார்பனால் ஆனதாக இருக்கலாம் என்பதால் பத்திரிகைகள் வைரக் கோள் என்று பெயர் சூட்டின. அந்தத் துணை பல்சரை ஒரு முறை சுற்றிவர ஆகும் நேரம் 2 மணி 10 நிமிடம். பூமியின் ஆண்டோடு எந்த வகையிலும் ஒட்டாத எண்.